சிறுவர் சித்திரமும் அருவ ஓவியமும்

எழுத்துப் பிறப்பதற்கு முன்னே கோடு பிறந்துவிட்டது. விசயதசமி நாளிலே ஏடு தொடக்கும் குழந்தையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியின் மீது நாம் முதலெழுத்தை எழுதுவிக்கின்றோம். ஆயின் அந்த நாளுக்கு நெடுநாள் முன்னரே அக்குழந்தை முற்றத்து மண்ணிலும், வீட்டுச் சுவரிலும், தந்தையாரின் கணக்குக் கொப்பியிலும் தன் விருப்பம்போற் கோடிழுத்து விளையாடியிருக்கும். நாம் அதனைக் கிறுக்கல் என்று துடைத்துவிட்டு எழுத்தைக் கற்பிக்கத் தொடங்குகின்றோம். அந்தக் கிறுக்கலுக்கும் ஒரு பொருள் உண்டு, ஒரு வரலாறும் உண்டு என்பதனை எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அருவ ஓவியங்களையும் குறியீடுகளையும் துணையாகக் கொண்டு சிறுவர்க்குச் சித்திரப் பட்டறை நடத்தும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் பரவியிருக்கின்றது. ஒரு பொருளின் தோற்றத்தை அப்படியே வரையாது, கோடு, வட்டம், நிறம் என்பவற்றாலேயே கருத்தையும் உணர்ச்சியையும் புலப்படுத்தும் ஓவியத்தையே அருவ ஓவியம் என்கின்றோம். இதனைக் கேள்வியுற்ற நம் பெரியோர் சிலர், "இது மேல்நாட்டார் கூத்து. நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்பர். இளைஞர் சிலரோ, புதுமை யாவும் மேல்நாட்டிலேதான் பிறக்கும் என்று எண்ணுவர். இவ்விரு கூற்றும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

முதலில் மேல்நாட்டைப் பார்ப்போம். 1897ஆம் ஆண்டிலே ஒஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவிலே பிரான்ஸ் சிசெக் என்னும் ஆசிரியர் சிறுவர்க்கென ஒரு சித்திர வகுப்பைத் தொடங்கினார். சாந்துருவங்களையும் அச்சுப் படங்களையும் பார்த்துப் பிழையின்றிப் பிரதி செய்வதே அக்காலத்துச் சித்திரப் பாடம். சிசெக் அதனை ஒதுக்கி, பிள்ளை தன் மனத்திலிருப்பதை வரையட்டும் என்றார். பிள்ளையின் சித்திரம் பெரியவர்களின் சித்திரத்திற்கு ஒரு குறைந்த வடிவமன்று, அது தனக்கென ஒழுங்குடைய ஒரு கலை என்பது அவர் கொள்கை.

அதே காலப்பகுதியிலே ஓவியரும் பிள்ளைகளிடம் பாடங்கேட்க வந்தனர். உருசிய ஓவியர் காண்டின்ஸ்கி 1911இன் இறுதியிலே வெளியிட்ட நூலிலே, கலையின் வேர் வெளித்தோற்றத்திலன்றி ஆன்மாவிலே இருக்கின்றது என்று வாதித்தார். அடுத்த ஆண்டிலே அவரும் நண்பர்களும் வெளியிட்ட தொகுப்பிலே பெரிய ஓவியர்களின் படைப்புகளோடு சிறுவர் வரைந்த சித்திரங்களும் ஒருங்கே இடம்பெற்றன. பவுல் கிளே என்பவரோ தாம் குழந்தைப் பருவத்தில் வரைந்தவற்றுட் சிலவற்றைத் தம் படைப்புகளின் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டார். ஆகவே அருவ ஓவியம் பெரியோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கி வந்த ஒன்றன்று. பிள்ளைகளிடமிருந்து பெரியோர் பெற்றுக்கொண்டதிலும் ஒரு பங்கு அதனுள் இருக்கின்றது.

இதற்குப் பின்னர் வந்த ஓர் ஆராய்ச்சியும் ஈண்டு கருதத்தக்கது. அமெரிக்க நாட்டிலே பாலர் கல்வியில் ஈடுபட்டிருந்த ரோடா கெலொக் அம்மையார் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சித்திரங்களைச் சேர்த்து ஆராய்ந்து, 1969இலே ஒரு நூல் வெளியிட்டார். குழந்தைகளின் கிறுக்கல்களை அவர் 20 அடிப்படை வகைகளாகப் பிரித்தார். அக்கிறுக்கலிலிருந்து வட்டமும் சதுரமும் சிலுவைக் கோடும் பிறக்கின்றன. பின் வட்டத்துக்குள்ளே சிலுவைக் கோடிட்ட மண்டல வடிவம் தோன்றுகின்றது. அதன்பின் கதிர்களோடு கூடிய சூரியன் வருகின்றது. அந்தச் சூரியனே மெல்லக் கண்ணும் வாயும் கையும் காலும் பெற்று மனித உருவமாகின்றது. மனிதனை வரையுமுன் குழந்தை மண்டலத்தை வரைகின்றது! நம் கோயில்களிலே யந்திரம் என்றும் சக்கரம் என்றும் நாம் வணங்கும் வடிவங்களோடு இதற்குள்ள ஒற்றுமை வியப்பிற்குரியதன்றோ?

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1920ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் வின்சர் என்னும் ஓவியர் இலங்கைப் பாடசாலைகளின் சித்திர அதிகாரியாக வந்து சேர்ந்தார். பிரான்சிலே எழுந்த புதிய ஓவிய நெறிகளை நன்கறிந்த அவர், இந்நாட்டு இளம் ஓவியர்க்கு அவற்றை அறிமுகஞ் செய்தார். அத்துடன், தம் காலடியிலேயே இருக்கும் விகாரைச் சுவரோவியங்களை ஊன்றிப் பார்க்குமாறும் தூண்டினார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஜெப்ரி பீலிங் தாமும் ஒரு ஓவியர். பிரதி செய்யும் பாடத்தைக் குறைத்து, பிள்ளைகள் தம் கற்பனையால் வரையும் முறையை அரசினர் பாடசாலைகளிலே பரப்பியவர் அவரே. வியன்னாவிலே ஒரு வகுப்பறையில் தொடங்கிய கருத்து, ஒரு தலைமுறைக்குள்ளே நம் கிராமப் பாடசாலை வரையும் வந்து சேர்ந்தது.

வின்சரின் தூண்டுதல் வடக்கேயும் பலித்தது. யாழ்ப்பாணத்திலே சித்திரக் கல்விக்குத் தொண்டாற்றிய எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938இலே வின்சரின் பெயரையே சூட்டி ஒரு சித்திரக் கழகத்தை நிறுவினார். கொழும்பிலே 1949இல் கோரா ஆபிரகாம் அம்மையார் தொடங்கிய சித்திர வகுப்புகள், பிள்ளைகளைத் தம் போக்கிலே வரையவிட்டுப் பல தலைமுறையினரைப் பயிற்றுவித்தன.

கண்டியில் வாழும் நமக்கு இவ்வரலாற்றிலே ஒரு தனியுரிமையும் உண்டு. 1901ஆம் ஆண்டு கண்டியிலே பிறந்து, திரித்துவக் கல்லூரியிலே பயின்று, மல்வத்தை விகாரையின் பிக்குகளோடு பழகி வளர்ந்த ஜோர்ஜ் கீற் அவர்களே இந்நாட்டின் புத்தோவியத்தின் தலைமகனாக விளங்கினார். ஒரு பொருளைப் பல கோணங்களாக உடைத்து வரையும் பிக்காசோவின் முறையையும், நமது சிற்பங்களின் வளைகோட்டையும் அவர் ஒன்றாக இணைத்தார். கண்ணனும் இராதையும் அவர் தூரிகையிலே மீண்டும் மீண்டும் தோன்றினர். ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்திலே மொழிபெயர்த்தவரும் அவரே. கொழும்பு பொரளைக் கோதமி விகாரையிலே 1939, 1940ஆம் ஆண்டுகளில் அவர் தீட்டிய சுவரோவியங்கள் பெரும்புகழ் பெற்றவை. 1943இலே லயனல் வென்ற் அவர்களின் முயற்சியாற் கொழும்பிலே கூடிய "43 குழு" என்னும் ஓவியர் கழகத்திலே கீற், பீலிங், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுஸ்ரீ முதலியோர் அங்கம் வகித்தனர். கீற் 1993இலே மறைந்தார். மேல்நாட்டுப் புதுமையை ஏற்பவன் தன் மண்ணை இழந்துவிடுவான் என்று அஞ்சுவோர்க்கு அவர் வாழ்வே தக்க விடை. தும்பறைப் பள்ளத்தாக்கின் சிறிமல்வத்தைக் கிராமத்திலே வாழ்ந்துகொண்டே அவர் உலகத்தோடு பேசினார்.

இந்தியாவிலும் இத்தகைய சந்திப்பு நிகழ்ந்தது. 1922ஆம் ஆண்டு திசெம்பரிலே கல்கத்தாவில் நடந்த ஒரு கண்காட்சியிலே காண்டின்ஸ்கி, கிளே ஆகியோரின் படைப்புகள் நேரிலே வைக்கப்பட்டன. கவிஞர் இரவீந்திரநாத தாகூரோ தம் கையெழுத்துப் பிரதிகளில் அடித்துத் திருத்திய சொற்களை ஒன்றோடொன்று இணைத்து உருவங்களாக்கி, அதிலிருந்தே ஓவியராக வளர்ந்தவர். தம் 69ஆம் வயதிலே, 1930இல், பாரிசு நகரிலே முதற்கண்காட்சியை நடத்தினார். கிறுக்கலிலிருந்து ஓவியம் பிறக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1963 அளவிலே "சொற்களும் குறியீடுகளும்" என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். எழுத்துப்போலத் தோன்றும் வரிவடிவங்கள், சாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள் என்பவற்றை நிரப்பி அவர் ஓவியம் தீட்டினார். மாணவன் ஒருவனின் கணிதக் கொப்பியைக் கண்டதிலிருந்தே இக்கருத்து அவர்க்கு உதித்ததென்பர். அவர் முன்னின்று 1966இலே சென்னைக்கு அருகில் அமைத்த சோழமண்டல ஓவியர் கிராமம் இன்றும் இருக்கின்றது. நம் வீட்டுப் பெட்டியிலே மடித்து வைத்திருக்கும் சாதக ஓலையும் ஓவியனுக்கு மூலப்பொருளாகும் என்பதனை அவர் காட்டினார்.

இதுகாறும் கூறியவை ஓவியர் வரலாறு. சமய நெறியிலே நின்று நோக்கினால், அருவம் என்பது நமக்குப் புதிய சொல்லன்று. இறைவனுக்கு உருவம், அருவம், அருவுருவம் என மூவகைத் திருமேனி கூறுவது சைவ சித்தாந்தம். கண்ணும் முகமும் இல்லாத சிவலிங்கத்தை அருவுருவம் என்று வணங்கும் நாம், உருவமில்லாத ஓவியத்தைக் கண்டு திகைப்பது விந்தையே. சிதம்பரத்திலே திரையை நீக்கிக் காட்டப்படுவது வெட்டவெளி. நம்மவர் பாதயாத்திரையாகச் சென்று வணங்கும் கதிர்காமத்திலும் மூலத்தானத்தே சிலை வைத்துக் காட்டுவதில்லை. திரைக்கு முன்னின்றே வழிபடுகின்றோம். ஆடித் திருவிழாவிலே யானைமீது எழுந்தருளுவது பேழையுள் வைத்த யந்திரமேயாம். திருமூலர் தம் திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்திலே சக்கரங்களின் அமைப்பை விரித்துரைத்தார். கோடுகளாலும் கோணங்களாலும் மெய்ப்பொருளைச் சுட்டுதல் நம் முன்னோர்க்குக் கைவந்த கலை.

சமய நூல்களை ஒருபுறம் வைப்போம். தோட்டத்து லயத்தின் வாசலைப் பாருங்கள். மார்கழி மாதத்திலே விடியுமுன் எழுந்து, சாணமிட்டு மெழுகி, அன்னையர் புள்ளிக் கோலம் இடுகின்றனர். புள்ளிகளை எண்ணி வைத்து, அவற்றைச் சுற்றி ஒரே கோட்டை வளைத்துச் சென்று, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்கின்றனர். அதிலே பூவுமில்லை, பறவையுமில்லை. கணக்கும் ஒழுங்கும் அழகுமே உள்ளன. பலகணி கூடச் சரியாக இல்லாத அறையிலே வாழ்ந்து, கொழுந்துக் கூடையோடு மலையேறிய நம் தாய்மார் நாள்தோறும் அருவ ஓவியம் வரைந்தார்கள். அதற்கு அந்தப் பெயரை மட்டும் யாரும் சூட்டவில்லை.

கண்டியைச் சுற்றியுள்ள சிங்களக் கலையும் குறியீட்டுச் செல்வம் மிகுந்தது. உடுநுவரையிலுள்ள எம்பக்கைத் தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. கம்பளை இராச்சியக் காலத்ததாகிய அக்கோயிலின் மேளமண்டபத்திலே ஐந்நூறுக்கும் மேற்பட்ட செதுக்கல்கள் இருக்கின்றன. கழுத்துகள் பின்னிய அன்னங்களும், இருதலைப் பறவையும், கொடிகளும் அவற்றுட் காணப்படும். தெகல்தொருவைக் குகை விகாரையின் ஓவியங்களோ, மதுரை நாயக்கர் தொடர்புடைய மரபிலே வந்த கீர்த்திஸ்ரீ இராசசிங்கனின் காலத்தைச் சேர்ந்தவை. அங்கே செந்நிறத் தளத்திலே நிழலும் தூரமும் காட்டாது, கதை முழுவதும் வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றது. சிறுபிள்ளை கதை வரையும் முறையும் ஏறக்குறைய இதுவே. இக்கண்டியக் கலைகளின் பெருமையை 1908ஆம் ஆண்டிலே ஒரு பெருநூலாக எழுதி உலகுக்கு எடுத்துரைத்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய நம் ஆனந்த குமாரசுவாமி அவர்களே. தமிழ்மகன் ஒருவர் சிங்களக் கலைக்குச் செய்த தொண்டை நாம் மறத்தலாகாது.

இங்கே ஒரு தடை எழும். குமாரசுவாமி அவர்களின் நூலைப் படித்தவர், "கண்டியக் கலைஞன் விருப்பம்போற் கிறுக்கிக் கற்கவில்லையே! வளைகோடுகளைத் திரும்பத் திரும்ப இழுத்து, குருவின் கையைப் பின்பற்றியன்றோ கற்றான்?" என்று கேட்கக்கூடும். இது நியாயமான கேள்வி. கோலம் போடும் சிறுமியும் தாயைப் பார்த்தே கற்கின்றாள். மறுபுறத்திலே, முழுச் சுதந்திரம் கொடுத்தேன் என்ற சிசெக்கின் வகுப்பிலே வரைந்த படங்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்று பின்வந்தோர் குறை கூறினர். ஆசிரியரின் சுவை மாணவரிடம் அறியாமலே படிந்துவிட்டது. இக்காலத்திலும் இத்தவறு நிகழ்கின்றது. காண்டின்ஸ்கி 1913இலே நிறங்களின் உறவைத் தமக்கே பரிசோதித்துக்கொள்ள வரைந்த வட்டங்களின் படம் ஒன்றுண்டு. அதனைப் பிள்ளைகள் முன் வைத்து, நாற்பது பேரும் அதேபோல வட்டம் வரைந்துவிட்டால் அதற்கு அருவ ஓவியப் பட்டறை என்று பெயரிட்டுவிடுகின்றனர். தாமரைப்பூவைப் பார்த்துப் பிரதி செய்வதற்கும், காண்டின்ஸ்கியைப் பார்த்துப் பிரதி செய்வதற்கும் என்ன வேறுபாடு?

நமக்குத் தோன்றும் முடிவு இதுவாகும். கைக்குப் பயிற்சி வேண்டும், கருத்துக்குச் சுதந்திரம் வேண்டும். கோலம் இவ்விரண்டுக்கும் நல்ல எடுத்துக்காட்டு. புள்ளியின் விதியைத் தாய் கற்பிக்கின்றாள். அந்த விதிக்குள்ளே புதுக்கோலத்தை மகள் கண்டுபிடிக்கின்றாள்.

இவையெல்லாம் அழகுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மட்டும் கூறப்படுவன அல்ல. நம் நாட்டுப் பிள்ளைகள் கண்ட துன்பம் சிறிதன்று. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரம் கண்டியையும் விட்டுவைக்கவில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச்சிலே திகனையிலும் அயலிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை நாம் அறிவோம். பயத்தைக் கண்ட பிள்ளைக்கு அதனைச் சொல்லச் சொற்கள் வாய்ப்பதில்லை. நெருப்பு என்று சொல்ல அஞ்சும் பிள்ளை, செந்நிறத்தை அள்ளித் தாள் முழுதும் பூசிவிடும். உருவத்தைச் சரியாக வரை என்று அதனை நாம் கண்டித்தால், அதன் ஒரே வாயையும் அடைத்தவராவோம்.

இதனை உணர்ந்து மட்டக்களப்பிலே 1996ஆம் ஆண்டு ஒரு சமாதானப் பூங்கா அமைக்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சியின் பெயரைத் தாங்கிய அப்பூங்காவைக் கனடா நாட்டு ஓவியர் பவுல் ஹோகனும், இயேசுசபைத் துறவியாகிய போல் சற்குணநாயகம் அடிகளாரும் மற்றும் பலரும் சேர்ந்து உருவாக்கினர். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் கூடி வரைந்தனர், களிமண் பிசைந்தனர், கதை கூறினர், நடித்தனர். வளர்ந்தோரைப் பற்றியும் ஒரு சான்று உண்டு. யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன், இடம்பெயர்ந்த மக்களிடம் அவர்கள் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரையுமாறு கேட்டு, அவற்றை 2011இலே "முடிவுறாத தோம்பு" என்னும் பொருள்பட ஒரு நூலாக்கினார். சில கோடுகள், ஒரு கிணற்றைக் குறிக்கும் வட்டம், ஒரு வாசல் என அமைந்த அப்படங்களிலே ஓவியத் திறமை இல்லை. ஆயினும் பார்ப்போர் நெஞ்சம் கனக்கும். குறியீட்டின் வலிமை அத்தகையது.

நிற்க. நமது சங்கம் இதிலே செய்யக்கூடியது யாது? பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலையிலே மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் போதும். பழைய செய்தித்தாள், கரித்துண்டு, செங்கல் தூள், மஞ்சள், அரிசிமா என்பன கிடைத்தாற் பட்டறை நடத்தலாம். முதல் நாள் ஒரு பாட்டியாரை அழைத்துப் புள்ளிக் கோலம் இடச்செய்து, அதன் விதியைப் பிள்ளைகள் கண்டுகொள்ளட்டும். மறுமுறை நாதசுரமும் தவிலும் ஒலிக்க, கேட்ட ஓசையைக் கோடாக இழுக்கட்டும். பிறிதொரு நாள் எம்பக்கைக்கு அழைத்துச் சென்று தூண்களைப் பார்க்கச் செய்து, வீடு திரும்பியபின் நினைவிலிருந்து வரைவிக்கலாம். வேலும் மயிலும் விளக்கும் ஏன் நமக்குக் குறியீடாயின என்று பேசி, "உன் வீட்டுக்கு ஒரு குறியீடு அமைப்பாயாக" என்று கேட்கலாம். அயலிலுள்ள சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளையும் அழைத்தல் வேண்டும். மொழி தெரியாத இரு பிள்ளைகள் ஒரே தாளில் வரைவதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் மூன்று விதிகள் கூற விரும்புகின்றோம். பிள்ளையின் படத்திலே நம் கையால் ஒரு கோடும் திருத்தலாகாது. "இது என்ன?" என்று அதட்டாது, "இதைப் பற்றிச் சொல்" என்று கேட்டல் வேண்டும். முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்று தரம் பிரித்தல் இப்பட்டறைக்கு ஆகாது. போட்டிக்கு வேறு மேடைகள் உண்டு.

பெரியோர்களே, உங்கள் அன்னையர் இட்ட கோலங்கள் அன்றன்றே காலடி பட்டு அழிந்தன. அவற்றை நினைவில் வைத்திருப்போர் நீங்களே. அந்நினைவைப் பிள்ளைகளுக்கு வழங்குங்கள். இளைஞர்களே, கீற் பிறந்த நகரம் இது. தாள்களை விரித்துவைத்து, பிள்ளைகள் வரைந்து முடிக்கும் வரை பொறுமையோடு அருகிருக்கும் தொண்டு உங்களுடையது. அடுத்த ஆண்டு மலரிலே நம் சிறுவர் தாமே வரைந்த சித்திரங்கள் சில பக்கங்களையாயினும் அலங்கரிக்குமாயின், நமது சங்கத்தின் பணி ஒரு படி உயர்ந்ததாகக் கொள்வோம். அதற்கு எல்லாம்வல்ல கதிர்வேலன் திருவருள் துணைநிற்பதாக.